ஏழாம் படுக்கை

அவளுடைய கணவனை ஆஸ்பத்திரியில் எல்லோரும் "கம்ப்யூட்டர்" என்றே கூப்பிட்டார்கள். அதில் அவனுக்குப் பெருமை தாங்காது. நோயாளியின் வீட்டாருக்கு நர்சுகள் போன் போட்டுத் தொண்டை கிழியக் கத்த வேண்டாம், ஒரு பட்டனைத் தட்டினால் மெசேஜ் தானே போய்விடும் என்று ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். எழுதினால் ஆயிற்றா? அனுப்பிப் பார்க்க ஒரு நம்பர் வேண்டுமே. பெண்டாட்டி நம்பர் இருந்தது. நோயாளி? மாமனார் அங்கேயே ஏழாம் படுக்கையில் கிடந்தார். தெரிந்த ஆள் என்றால் சரிபார்க்க வசதி என்பது அவன் கட்சி.

முதல் மெசேஜ் வந்தபோது அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். "ஏழாம் படுக்கை நோயாளி கவலைக்கிடம். உடனே வரவும்." ஒற்றைக் கால் செருப்போடு ஓடினாள். வார்டுக்குள் நுழைந்தால், அப்பா தலையணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"டெஸ்டு! நான்தான் அனுப்புனேன்!" கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேடிக்கை பார்க்க ஆபீஸ் சிநேகிதர்கள் இருவரையும் கூட்டி வந்திருந்தான். அவர்களுக்கு அவள் காலைச் சுட்டிக் காட்டினான். அவள் அங்கேயே நின்று அழுதாள்.

அப்பாதான் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு பாப்பா. நான் நெசமாவே போறப்போ இப்படி ஓடி வந்து பக்கத்துல உக்காரு, போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"வராம எங்கப்பா போவேன்?"

அதற்கப்புறம் அதே மெசேஜ் வந்தவண்ணம் இருந்தது. குளிக்கும்போது வந்தது, துணி வெட்டும்போது வந்தது. பதில் அனுப்பும் வசதியைச் சேர்த்த பிறகு கூத்து இன்னும் பெரிதானது. "எதையாவது எழுதிப் பதில் போடு, எனக்கு வருதான்னு பாக்கணும்" என்றான். "உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று எழுதினாள். "உங்களத்தான் ஏழாம் படுக்கையில போடணும்" என்று எழுதினாள். அவன் அதை ஆபீஸ் முழுக்கப் படித்துக் காட்டினான். போகப்போக அவளும் வாய்க்கு வந்ததை எழுதப் பழகிவிட்டாள்.

ஒரே ஒரு மெசேஜை மட்டும் அவன் அவளுக்கு அனுப்பவில்லை. "செத்துட்டாருன்னு ஒண்ணு இருக்கு. அதை என் நம்பருக்கே அனுப்பிப் பாத்துக்கிட்டேன். எனக்கும் மனசாட்சி இருக்குல்ல?" இருந்தது. அந்த மட்டுக்கும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் புரோகிராம் நிஜமாகவே ஓடத் தொடங்கியது. பதில்கள் இனி வார்டு நர்சின் திரைக்குப் போகும். வீட்டாருக்கு யாரும் போன் செய்யக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. புதுசின் அருமை தெரிய வேண்டுமே! டாக்டர்களுக்குச் சொன்னார்கள், நர்சுகளுக்குச் சொன்னார்கள், வாட்ச்மேனுக்குக்கூடச் சொன்னார்கள். சோதனை முடிந்துவிட்டது என்று பெண்டாட்டிக்குச் சொல்ல மட்டும் அந்த மகாராஜனுக்குத் தோன்றவில்லை.

அன்று அவள் அப்பாவுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசி ஏறியிருந்தாலும் கழற்றி மாட்ட வாகாக, தோளில் நாடா வைத்த சட்டை. மெசேஜ் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தைத்தாள். மறுபடி வந்தது. மூன்றாவது வந்த நேரம் பார்த்து நூல் அறுந்தது. எரிச்சலில் போனை எடுத்தாள்.

"செத்த பிறகு சொல்லுங்க, வரேன்."

அனுப்பிவிட்டு, இதைப் படித்ததும் அவன் மூஞ்சி போகும் போக்கை நினைத்துச் சிரித்தாள்.

இரண்டாவது தோளுக்கு நாடா வைத்து முடித்தபோது இன்னொன்று வந்தது. "ஏழாம் படுக்கை நோயாளி காலமானார். உடலைப் பெற்றுக்கொள்ள வரவும்."

அவளுக்கு அனுப்ப மாட்டேன் என்று அவன் சொன்ன மெசேஜ். அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டையைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

அவள் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கணவன் அதிகாரியிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தான். "எல்லாமே கரெக்டா டெலிவரி ஆயிருக்கு சார். நம்ம பக்கம் தப்பே இல்ல." அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "எல்லாம் வந்திருக்கே. நீ ஏன் வரல?"

அந்த நிமிஷம் அவனைக் கொல்ல அவளால் முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. நர்சிடம் போனாள்.

"அப்பா என்னக் கேட்டாரா?"

நர்ஸ் எங்கோ பார்த்தாள். "கேட்டாரும்மா. வாசலையே பாத்துட்டு இருந்தாரு. உங்க பதில் வந்ததும், 'எம் பொண்ணுதானே? என்ன எழுதிருக்கா, படி, படி'ன்னு பறந்தாரு. வரேன்னுதான் போட்டிருப்பீங்கன்னு நெனச்சு, சத்தமா படிச்சிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு."

அப்பாவின் முகம் இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த முகத்தைப் பார்க்க அவள் கட்டிலைச் சுற்றிப் போனாள். ஏழாம் படுக்கையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்க இடமில்லை.