ரூஃபஸ் உள்ளே இருந்தால்

ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழர்களில் ஐஸ் ஹாக்கி அரங்குகளைப் பற்றிப் பேச அதிகாரம் பெற்றவர் பத்மநாபன். அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். எந்தப் பிறந்தநாள் விருந்தானாலும் தட்டில் இரண்டாவது வடை விழுவதற்குள் பேச்சை அங்கே கொண்டுவந்துவிடுவார்.

"சான் ஹோசேல ராட்சச சுறா வாய் ஒண்ணு தொங்கும். பிளேயர்ஸ் அதுக்குள்ளேர்ந்து வருவாங்க. நம்ம ரிசப்ஷன்ல மாப்பிள்ளை புகை மெஷின் நடுவுல வர்ற மாதிரி. பாக்க நன்னா இருக்கும். ஆனா அட்மாஸ்ஃபியர்? டல்லாஸ்ல தேசிய கீதத்துக்கு நடுவுலேயே டீம் பேரைக் கத்துவாங்க. பாட்டு முடிஞ்சா அடங்கிடுவாங்க. நம்ம நூவர்க் நூவர்க்தான் சார்."

இதெல்லாம் அபிப்பிராயம் அல்ல, ஆய்வு முடிவு. கைபேசியில் சத்தத்தை அளக்கும் ஆப் வைத்திருந்தார். ஃப்ரீமான்ட் ஊரில் மச்சினியின் வளைகாப்புக்குப் போனபோதுகூட, பாதியில் நழுவி சான் ஹோசே அரங்கின் டெசிபலை அளந்துவிட்டுத்தான் வந்தார். மச்சினி இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

தொழிலில் அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் புள்ளியியல் நிபுணர். முந்நூறு நோயாளிகளிடம் சோதித்த மருந்தைக் கொண்டுவந்து காட்டினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "சாம்பிள் போதாது" என்பார். விஞ்ஞானிகள் வாடிய முகத்தோடு திரும்பிப் போவார்கள். அப்பேர்ப்பட்டவர்தான், ரூஃபஸ் அரங்கில் இருந்தால் நம் அணி தோற்கும் என்று ஏழே ஏழு ஆட்டங்களை வைத்து நிரூபித்தவர்.

ரூஃபஸ் பாளையங்கோட்டைக்காரன், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஐடி வேலை. சபைப் பாடகர் குழுவில் அவன் நின்றால் மைக் தேவையில்லை. பத்மநாபனும் அவர் நண்பர் முகுந்தும் சேர்ந்து வாங்கிய மூன்று சீசன் இருக்கைகளில், மூன்றாவதில் போன வருடம் முழுக்க அவன்தான் உட்கார்ந்தான். டெவில்ஸ் என்று பெயர் வைத்திருக்கும் அணிக்காக ஒரு சபைக்காரன் இப்படித் தொண்டை கிழியக் கத்தலாமா என்று முகுந்த் சீண்டியபோது, "கர்த்தர் கோவிக்க மாட்டாரு அண்ணே. ஹோம் டீம்னா என்னான்னு அவருக்கும் தெரியும்லா" என்றான்.

பிறகு, இந்த சீசனின் ஆரம்பத்தில், அந்த ஏழு தோல்விகள். ஏழிலும் ரூஃபஸ் இருந்தான். அவன் வராத ஆட்டங்களில் அணி ஜெயித்தது. ஊரில் கிரிக்கெட் பார்க்கும்போது விக்கெட் விழுந்தால் இடம் மாறி உட்காரக் கூடாது என்று அதட்டிய அதே பத்மநாபன் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். இப்போது அவரிடம் டாக்டர் பட்டமும் இருந்தது.

"ராசின்னு நான் சொல்லலை. கோரிலேஷன்னு சொல்றேன்" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே பாஸ்?" என்றான் முகுந்த்.

"இதுக்கு பி வேல்யூ இருக்கு."

அன்றிலிருந்து ரூஃபஸுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஒரு தடவை முகுந்தின் மாமனார் வந்திருந்தார். ஒரு தடவை டிக்கெட் ஆப் வேலை செய்யவில்லை. எல்லாம் பத்மநாபன் சொன்ன பொய்கள். கிறிஸ்துமஸுக்கு ரூஃபஸின் மனைவி அமலி ஒரு டப்பா அச்சு முறுக்கு கொடுத்தனுப்பினாள். பத்மநாபனின் மனைவி ஷ்யாமளா, "அந்தப் பையனை ஏன் இப்படிப் பண்றேள்?" என்று கேட்டபோது அவர் வாயில் அந்த முறுக்குதான் இருந்தது. டப்பாவிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக் கடித்தார்.

குளிர்காலம் பூராவும் ஆப்பில் நூவர்க்கின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. போனின் மைக்கில் கோளாறு என்று முடிவுகட்டிப் புது போன் வாங்கினார்.

மார்ச் மாதத்தில் ரூஃபஸ் அழைத்தான். "அண்ணாச்சி, டெக்சாஸ்ல வேலை ஆயிட்டு. ரவுண்ட் ராக்னு ஒரு ஊரு. மாசக் கடைசில கிளம்புதோம். வார சனிக்கிழமை மத்தியானம் மேட்ச் இருக்குல்லா, அதுக்கு மட்டும் அந்த சீட்டு கெடைக்குமா? கடைசியா ஒருக்கா நம்ம எடத்துல உக்காந்து பாத்துட்டுப் போயிருவேன்."

அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற அணி அந்த ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும். பத்மநாபன் ஒரு மூச்சு தாமதித்தார். அந்த ஒரு மூச்சை அவர் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தார். அதற்குள் 'வாடா' என்று சொல்லியிருக்கலாம்.

"அடடா. முகுந்தோட ஆபீஸ் விபி, வைஸ் பிரசிடென்ட், வர்றாராம்டா அன்னிக்கு. முன்னாடியே கமிட் பண்ணிட்டான்."

"அதுக்கென்ன அண்ணாச்சி. பெரிய ஆளுங்க வந்தா நாம ஒதுங்கணும்லா."

சனிக்கிழமை அந்த விபி வரவில்லை. அப்படி ஒருவரை யாரும் கூப்பிடவே இல்லை. மூன்றாவது இருக்கையில் பத்மநாபனின் கோட்டும் முகுந்தின் கோட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்த்தன.

முதல் இடைவேளையில் கூரையிலிருந்து தொங்கும் பெரிய திரையில் ரசிகர்களைக் காட்டினார்கள். நடனமாடும் குழந்தை, முகத்தில் சிவப்புச் சாயம் பூசிய கிழவர், அப்புறம் மேல்தளத்தின் கடைசி வரிசையில் இரண்டு கைகளையும் தூக்கிக் கர்ஜிக்கும் ரூஃபஸ். பக்கத்தில் அமலி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டடி உயரத்துக்குத் தெரிந்தான்.

"உள்ள இருக்கான்" என்றான் முகுந்த், வீட்டுக்குள் பாம்பு வந்ததைச் சொல்வதுபோல.

இரண்டாவது இடைவேளையில் ஆட்டம் சமநிலையில் இருந்தது. பெரிய பாப்கார்ன் வாளியோடு ரூஃபஸ் படியிறங்கி வந்து கோட்டுகளைப் பார்த்தான்.

"விபி சார் வரலியா?"

"டர்ன்பைக் ஹைவேல டிராஃபிக்காம்" என்றான் முகுந்த், கண்ணைச் சிமிட்டாமல்.

"அப்ப அவரு வார வரைக்கும் நான் இருக்கட்டுமா? அமலி மேல இருக்கா, அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு அஞ்சு நிமிசம்."

பத்மநாபன் கோட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரூஃபஸ் உட்கார்ந்து, கோவிலில் பிராகாரம் பார்ப்பதுபோல நாலாபுறமும் பார்த்தான். ஆட்டம் தொடங்கியதும் ஒரு குரல் கொடுத்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள், பிறகு அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். பத்மநாபனின் மடியிலிருந்த போனில் எண் விர்ரென்று ஏறியது. போன வருடம் பூராவும் நூவர்க்கின் அட்மாஸ்ஃபியர் என்று அளந்தது இந்த ஒருவனுடைய தொண்டையைத்தான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பழைய போனைக் குப்பையில் போட்டது வீண்.

அடுத்த நிமிடமே எதிரணி கோல் போட்டது.

முகுந்தின் முழங்கை பத்மநாபனின் விலாவில் இறங்கியது. அவருக்குத் தெரியும், சாம்பிள் போதாது. கையில் போன் இருந்தது. அதைப் பார்ப்பதுபோல் குனிந்து, "விபி பார்க் பண்ணிட்டாராம்டா" என்றார். குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"சரி அண்ணாச்சி."

ரூஃபஸ் உடனே எழவில்லை. பக் என்ற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து நடந்து பிறர் பார்வையை மறைக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே பத்மநாபன்தான். நடுவர் விசில் ஊதும்வரை, போகச் சொல்லப்பட்டவன் மரியாதையாகக் காத்திருந்தான். விசில் ஊதியதும் பாப்கார்ன் வாளியை இருக்கையில் வைத்துவிட்டுப் படியேறினான்.

கோட்டுகளைத் திரும்ப அந்த இருக்கையில் வைக்கப் பத்மநாபனுக்குக் கை வரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அணி சமன் செய்தது. கடைசி நிமிடத்தில் இன்னொன்றும் போட்டது. ஹார்ன் முழங்க அரங்கமே எழுந்து நின்றது. முகுந்த் யாரோ ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். பத்மநாபன் மேல்தளத்தின் கடைசி வரிசையைத் தேடினார். அமலி தனியாக உட்கார்ந்திருந்தாள். கை தட்டவில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். நடைபாதையில், ஜெர்சி மட்டும் போட்டுக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் செருகியபடி ரூஃபஸ் நின்றிருந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"ஏன்டா இங்க நிக்கறே? வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்கன்னு தெரியாது?"

"தெரியும் அண்ணாச்சி. அதான் வந்தேன். அப்பதான உள்ள போகணும்னு தோணாது. என் கோட்டு அமலிகிட்ட இருக்கு, அதான் கொஞ்சம் வெறைச்சிட்டு." சிரித்தான். "பொங்கலப்பவே ஷ்யாமளாக்கா அமலிகிட்ட சொல்லிட்டாங்க. நான் உள்ள இருந்தா ஆகாதுன்னு நீங்க கணக்குப் போட்டு வச்சிருக்கியன்னு. மேல ஒசரத்துல உக்காந்தா பாதிக்காதுன்னு நெனச்சேன். ஆச அடங்காம கீழ வந்துட்டேன், ஒடனே கோல் வாங்கிட்டோம். என் தப்புதான்."

"அது சும்மாடா. ஏழு மேட்ச்ல ஒண்ணும் சொல்ல முடியாது. ஆபீஸ்ல எவனாவது இப்படிக் கொண்டுவந்தா தூக்கிப் போட்டுடுவேன்."

"இப்ப எட்டாயிட்டே அண்ணாச்சி. நான் வெளிய வந்த பொறவுதான ரெண்டு கோலும்?"

இனி அதைத் தற்செயல் என்று பத்மநாபன் சொன்னாலும் அவன் நம்ப மாட்டான். அவன் நம்புவது டாக்டர் பத்மநாபனை.

"மன்னிச்சுக்கோடா" என்றார்.

"எதுக்கு? ஜெயிச்சிட்டோம்லா." ரூஃபஸ் அவர் தோளோடு தோள் உரச நெருங்கி வந்தான். "அத விடுங்க. கடைசி கோலு விழுந்தப்ப உள்ள எப்படி இருந்திச்சு? ஹார்ன் சத்தம் இங்க வரைக்கும் வந்திச்சு. நம்ம வரிசை எந்திரிச்சுதா? அட்மாஸ்ஃபியர் பத்தி நீங்க சொன்னா நேர்ல பாத்த மாதிரி இருக்கும்."

பத்மநாபன் அந்த கோலைப் பார்க்கவில்லை. அந்த நேரம் முழுக்க அவர் பார்த்தது ஒரு பாப்கார்ன் வாளியை.

தன் கோட்டை எடுத்து அவன்மேல் போர்த்திவிட்டு, "சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தார். எந்தப் பக்கத்திலிருந்து பாஸ் வந்தது, கோல்கீப்பர் எப்படி விழுந்தான், சிவப்புச் சாயம் பூசிய கிழவர் எப்படி அழுதார் என்று ஒவ்வொன்றாகக் கதை கட்டினார். ரூஃபஸ் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டான். அமலி கோட்டோடு வெளியே வந்ததும் அவளைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "அண்ணாச்சி, மொதல்லேருந்து ஒருக்கா சொல்லுங்க, இவளும் கேக்கட்டும்" என்றான்.

அமலி அங்கே உள்ளே இருந்தவள். எல்லாவற்றையும் பார்த்தவள். பத்மநாபனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.