போன் பிடித்த கை

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை பின்னேரம், கல்முனை பஸாரில் உள்ள ஒரு போன் கடையின் தரையில் மூன்று ட்ரைபொட்கள் விரித்து வைக்கப்பட்டிருந்தன.

அவற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர்கள் மாவடிப்பள்ளியிலிருந்து வந்த ஸப்ரியும் அவன் மனைவி ஹுஸ்னியாவும். ஹுஸ்னியா தையல்காரி. அபாயா வெட்டுவதை வீடியோ எடுத்துப் போட்டுவருகிறாள். அதில் அவள் முகம் வராது. பாயும் துணியும் இரண்டு கைகளும் மட்டும்தான். அவளுக்கு மேலே குனிந்து நின்று போனைப் பிடிப்பது ஸப்ரியின் வேலை. நெல் ஆலையிலிருந்து வந்து, குளித்து, பிளேன்டீ குடித்ததும் அவன் செய்கிற அடுத்த காரியம் அது. வீடியோக்களில் அவன் மூச்சு விடுவது கேட்கும். "அந்தப் பழைய ஃபேன நிப்பாட்டுங்க ராத்தா" என்று ஒருத்தி கீழே எழுதியிருந்தாள். அதை ஹுஸ்னியா அவனுக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினாள்.

மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹுஸ்னியா போன் வழியே நடத்தும் முதல் நேரடி வகுப்பு. இறக்காமத்திலும் கட்டாரிலும் இருக்கிற பெண்கள், தங்கள் அறைகளில் முக்காடில்லாமல் இருந்துகொண்டு, கமெராவைத் திறந்து வைத்துப் படிக்கப்போகிறார்கள். அவள் அறைக்குள் ஆம்பிளைகள் யாரும் இருக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். ஹுஸ்னியா உடனே வாக்குக் கொடுத்தாள். போனை யார் பிடிப்பது என்ற யோசனை, வாக்குக் கொடுத்த இரவு பாயில் படுத்த பிறகுதான் வந்தது.

"இத எடுங்க காக்கா. ஆளுயரம் வரும், ரிமோட்டும் இரிக்கி" என்றான் கடைக்கார அர்ஷாத்.

"நிண்டு கதைக்கிறத்துக்கு இல்ல தம்பி. இது நெலத்தப் பாக்கணும்" என்றான் ஸப்ரி.

அர்ஷாத் போனை மாட்டிக் கீழ்நோக்கிக் கவிழ்த்தான். ட்ரைபொட் தலைப்பாரம் தாங்காமல் முன்னால் சரிந்தது. ஹுஸ்னியா எட்டிப் பிடித்தாள்.

இரண்டாவது அப்படியே நின்றது. ஸப்ரிக்குத் திருப்தியில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் காலடியில் சம்மணம் கட்டி உட்கார்ந்தான்.

"என்ன காக்கா, நீங்களா அபாயா வெட்டப் போறீங்க?"

"ஓம். ஒனக்கும் ஒண்டு வெட்டித்தாறன், அளவச் சொல்லு."

இல்லாத துணியை உதறி விரித்தான். இடது உள்ளங்கையால் நீவினான். விளிம்பைப் பல்லால் ஒருமுறை கடித்துப் பார்த்தான். பிறகு கத்தரிக்கோலை இழுக்கிறவனைப் போல வலது முழங்கையை வெளியே வீசினான். அது ட்ரைபொட்டின் காலில் பட்டது. ட்ரைபொட் விழுந்தது.

ஹுஸ்னியா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். துணியைக் கடிக்கும் பழக்கம் தனக்கு உண்டென்று அவளுக்கே தெரியாது. இவ்வளவு காலமும் இந்த மனிதர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"மச்சான், நான் கைய அப்படியா வீசுறன்?"

"ரெண்டு தரம் என்ட மூக்குல பட்டிரிக்கி."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கைய அடக்குவா. பொறகு வெட்டு கோணலாப் போயிரும்."

மூன்றாவது கட்டையானது, கால் தடித்தது, ரிமோட் இல்லாதது. அதனால் மலிவு. ஆரும் எடுக்காத சாமான் என்று அர்ஷாத்தே சொன்னான். அதன் நடுத்தண்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் போன் மூன்று கால்களுக்கும் நடுவே தொங்கும். ஸப்ரி மறுபடி உட்கார்ந்து முழங்கையை வீசினான். அது ஆடியது. விழவில்லை.

"நீயும் ஒருக்கா இருந்து பாரு புள்ள."

"என்னத்துக்கு? அதான் நான் அங்க இரிக்கனே" என்றாள் ஹுஸ்னியா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த ஸப்ரி, ட்ரைபொட்டைப் பாயின் மேல் நிறுத்தி, படத்துக்குள் வரும் எல்லையைத் துணியில் கோடு போடும் தையல் சோக்கால் பாயில் கீறிக்கொடுத்தான். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தி, முருங்கைக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். உள்ளே ஸலாம் சொல்லும் குரல்கள் கேட்டன. துணி உதறும் சத்தம் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் புடிங்க மச்சான்" என்றாள் ஹுஸ்னியா.

வெளியே ஸப்ரியின் வலது கை முழங்காலிலிருந்து எழுந்து அந்தரத்தில் நின்றது. உள்ளே ஹுஸ்னியா நிமிர்ந்து பார்த்தாள்; ட்ரைபொட்தான் நின்றது. பிறகு போனிலிருந்து பல பெண்கள் ஒன்றாகச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வகுப்பு அஸர் தொழுகைக்கான பாங்குக்கு முன்னர் முடிந்தது. ட்ரைபொட் விழவில்லை.