வவ்வால் பெட்டிக்கு வந்த வரி

முனீஸ்வரி பந்தலுக்குக் கீழே குனிந்து, திராட்சைக் கொத்துகளில் அழுகிய காய்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. தேனி கூரியர் ஆபீஸிலிருந்து பாண்டியராஜன் என்று ஒருவன் பேசினான்.

“அக்கா, இங்கிலாந்துல இருந்து ஒங்க பேருக்குப் பார்சல் வந்திருக்கு. நாலாயிரத்து எழுநூத்து எம்பத்தஞ்சு ரூவா கட்டணும். லிங்க் அனுப்பிருக்கேன்.”

“பொருளுக்கும் கட்டியாச்சு, அனுப்புற செலவுக்கும் கட்டியாச்சே தம்பி?”

“இது கஸ்டம்ஸ் வரிக்கா. ஏழு நாளைக்குள்ள கட்டலேன்னா திரும்பப் போயிரும்.”

லிங்க் வந்து விழுந்தது. முனீஸ்வரி அதைத் தொடவில்லை. கம்பத்தில் ஒரு வாழைமண்டிக்காரர் இதே மாதிரி ஒன்றைத் தொட்டு, பேங்கில் இருந்ததை எல்லாம் துடைத்துக் கொடுத்திருந்தார். ஆனால் பார்சல் வரவேண்டியிருந்ததும் உண்மைதான்.

அவள் வாங்கியிருந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. கிணற்றடி மோட்டார் ரூமில், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே, கட்டைவிரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன வவ்வால்கள் அடைந்திருந்தன. திராட்சை பழுக்கும் நேரத்தில் கொத்துக் கொத்தாகச் சேதம். எல்லாம் அதுகளின் வேலைதான் என்று அவள் புருஷன் சின்னக்கருப்பு முடிவு கட்டிவிட்டான். புகை போட்டு விரட்டி, இடுக்கைச் சிமெண்டு வைத்துப் பூசிவிட வேண்டும் என்று ஒரு மூட்டை சிமெண்டும் வாங்கிப் போட்டிருந்தான்.

முனீஸ்வரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். மோட்டார் ரூமைக் கூட்டும்போது அவள் கண்ட எச்சத்தில் ஒரு திராட்சை விதைகூட இல்லை. பூச்சி இறக்கைத் துணுக்குகள்தான் மின்னின. ஃபோனில் தேடிப் பார்த்ததில், பூச்சி தின்னும் வவ்வால் மனிதக் காதுக்கு எட்டாத சத்தம் போட்டே இரை தேடும் என்றும், நம் பக்கத்துப் பழந்தின்னி வவ்வால்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவை கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை என்றும் தெரிந்தது. அந்தச் சத்தத்தை நம் காதுக்குக் கேட்கும்படி மாற்றித் தர ஒரு பெட்டி இருந்தது. இங்கிலாந்துக் கடை ஒன்றில் தள்ளுபடியில் ஐயாயிரத்து இருநூறு, அனுப்பும் செலவு ஆயிரத்து எழுநூறு. மதுரையில் படிக்கும் மகள் திரிஷாதான் கார்டு போட்டு ஆர்டர் செய்தாள். உங்கள் நாட்டு வரி உங்கள் பொறுப்பு என்று கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. முன்னூறு, நானூறு வரும் என்று முனீஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பஸ் ஏறித் தேனிக்குப் போனாள்.

கூரியர் ஆபீஸ் கவுண்டரில் ஹேமாவதி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பார்சல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உண்மையான பார்சல்தான்க்கா. லிங்கும் எங்களுதுதான்” என்றாள்.

“சரிம்மா. கட்டுறேன், கட்டாமப் போறேன், அது பெறகு. இந்த நாலாயிரத்துச் சொச்சம் எப்படி வந்துச்சுன்னு ஒரு தாளு இருக்கும்ல? அதக் காட்டு.”

ஹேமாவதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “எல்லாரும் சண்டை போடுவாக. தாளைக் கேட்டது நீங்கதான்க்கா மொத ஆளு.” அச்செடுத்து நீட்டினாள்.

இருவரும் கவுண்டரின் மேல் தாளை விரித்து விரல் வைத்துப் படித்தார்கள்.

“பொருளோட வெலையும் அனுப்புன செலவும் சேந்து ஒரு தொகை. அதுக்கு இறக்குமதி வரி” என்றாள் ஹேமாவதி.

“அனுப்புன செலவுக்குமா வரி? அது வந்த கூலி தானே?”

“கூலியும் வெலையில சேத்திதான்க்கா. அடுத்து ஜிஎஸ்டி. அது எதுக்கு மேலன்னு பாருங்க.”

முனீஸ்வரி ஃபோனில் பெருக்கிப் பார்த்தாள். ஒத்து வரவில்லை. இறக்குமதி வரியையும் கூட்டிப் பெருக்கினாள். பைசா சுத்தமாக ஒத்து வந்தது.

“அட ஆத்தா! வரிக்கு மேல வரி போட்டிருக்கான்!” அவள் குரலில் கோபத்தைவிட, பூட்டு திறந்துகொண்ட சந்தோஷம்தான் இருந்தது. “சரி, இந்த ஆயிரம்?”

“ஒங்க வரிய நாங்க முன்னாடியே கட்டி எடுத்துட்டு வந்தோம்ல, அதுக்குச் சேவைக் கட்டணம். கீழ இருக்குற நூத்தியெம்பது அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி.”

சொல்லிவிட்டு ஹேமாவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷமாக இந்த மாதிரித் தாளைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவையும் அதை முழுசாகப் படித்ததில்லை.

முனீஸ்வரியின் விரல் மறுபடி மேலே போயிற்று. “ஏம்மா, பொருளு வெல ஆறாயிரத்து ஐநூறுன்னு இருக்கே. நான் கட்டுனது ஐயாயிரத்து எரநூறுதான்.”

கடைக்காரன் தள்ளுபடியைக் கழிக்காமல் பழைய விலையையே பில்லில் எழுதி அனுப்பியிருந்தான். அவள் கொடுக்காத காசுக்கும் வரி போட்டிருந்தது.

“திருத்தலாம்க்கா. அவுககிட்ட புது பில் வாங்கி மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்பணும். பத்துப் பதினஞ்சு நாளாவது ஆகும்.” ஹேமாவதி தயங்கினாள். “அதுவரைக்கும் பார்சலு அங்கன குடோன்லதான் கெடக்கும். நாளைக்கு நூத்தம்பது ரூவா வாடகை.”

முனீஸ்வரி கணக்குப் போட்டாள். தப்பைத் திருத்தினால் ஐநூற்றெழுபது மிச்சம். திருத்தக் காத்திருந்தால் வாடகை அதைப்போல மூன்று மடங்கு. திருப்பி அனுப்பிவிடலாம் என்றாலோ, போக வரச் செலவு போக அவள் கைக்கு ஒன்றும் வராது.

சுவரோரப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை புகை போடுவதாகச் சின்னக்கருப்பு சொல்லியிருந்தான். எழுந்து வந்து பணத்தைக் கட்டினாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பாண்டியராஜன் பார்சலைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து கொடுத்தான். மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று சின்னக்கருப்பு கேட்டான். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான்.

“அம்புட்டுக்குப் பாதிப் பந்தலுக்கு வலை வாங்கிருக்கலாம்ல?”

“வாங்கலாம் மாமா. யாருக்கு வலை போடுறோம்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குவோம்.”

பொழுது சாய்ந்து, மலைமேல் வெளிச்சம் மங்கும் நேரத்தில் இருவரும் மோட்டார் ரூம் முன்னால் நின்றார்கள். முனீஸ்வரி பெட்டியின் குமிழைத் திருப்பினாள். வெறும் இரைச்சல். சின்னக்கருப்பு வாயைத் திறக்கப் போனான். அதற்குள் ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு கறுப்புத் துணுக்கு நழுவி விழுந்து பறந்தது. பெட்டி ‘டக்டக்டக்’ என்று அடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் பூச்சியை நெருங்கும்போது அந்தத் தட்டல் வேகமாகி, துணி கிழிகிற மாதிரி ‘சர்ர்’ என்று முடிந்தது.

“பிடிச்சிருச்சு” என்றாள் முனீஸ்வரி. “அந்தச் ‘சர்ர்’தான் பூச்சியப் பிடிக்குற சத்தமாம்.”

இருட்டியதும் பந்தலுக்கு நகர்ந்தார்கள். வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. காக்கையில் பாதி அளவுக்கு ஒன்று தாழப் பறந்து வந்து கொத்தில் தொங்கியது. டார்ச் வெளிச்சத்தில் நாய்க்குட்டி முகம், பெரிய கண். பழத்தைக் கவ்விக்கொண்டு போயிற்று. கூடவே இன்னும் இரண்டு. சின்னக்கருப்பு பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, அவை பறந்த பக்கமெல்லாம் நீட்டிப் பார்த்தான். பெட்டி வாயே திறக்கவில்லை.

“இவுகளுக்கு அந்தச் சத்தமே கெடையாதா?”

“கெடையாது.”

அவன் மோட்டார் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, “அப்ப ஞாயித்துக்கிழம ரூமுல கைவைக்க வேணாம். பந்தலுக்கு வலை வெல கேப்போம்” என்றான்.

பெட்டியை அவன் திருப்பித் தரவில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் குலுக்கினான். அதிலும் காதுக்கு எட்டாத சத்தம் இருந்திருக்கிறது; பெட்டி பொரிந்து தள்ளியது. திடுக்கிட்டு, மறுபடி குலுக்கினான். வரப்பில் ஒரு வெட்டுக்கிளிக்கு அது வேறு மாதிரிக் கரகரத்தது. குனிந்து அதன் பக்கத்தில் பெட்டியை வைத்தான்.

“முனீசு, இங்கன வா! இந்தப் புல்லுக்குள்ள என்னமோ கத்துது. கண்ணுக்கு ஒன்னும் தெரியல, நமக்குக் கேக்கவும் இல்ல. டார்ச்ச அடி.”

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள்.