வரிக்கு ஒரு வேலை

அலுவலகத்தில் யாருக்கு என்ன வேலை என்று திரையில் காட்டும் புது டாஸ்க் போர்டு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தலைவலிதான். அவளுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை ஹெட்போனில் கேட்டுக்கொண்டுதான் புரோகிராம் கோடு எழுதுவாள்; அதில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் போர்டில் கலர் கலரான கார்டுகளை மவுஸால் இழுத்துப் போட வேண்டும். அவள் காதில் விழுந்ததெல்லாம் "பட்டன், பட்டன், பட்டன்" மட்டுமே.

பக்கத்து சீட் டெஸ்டர், எல்லோருக்கும் 'குண்டு', தினமும் அவளுடைய கார்டுகளை வாசித்துச் சொல்வான். அவன் லீவில் போன வாரம், அவள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பிழையைச் சரிசெய்தாள். அந்த வேலையே வேண்டாமென்று போர்டில் முன்பே ஒதுக்கிவிட்டார்களாம்.

அன்று கணவன் ஆறுதல் சொல்ல வந்தான். ஆறுதல் வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும் என்றாள்.

மறுநாள் டீம் லீடின் முன் போய் நின்றாள். எல்லா வேலையையும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி, டீமின் கோடு முழுவதையும் சேமித்துவைக்கும் அதே 'கிட்' (Git) மென்பொருளில் வைக்கலாம், யார் எதை மாற்றினாலும் பதிவாகிவிடும் என்றாள். லீட் இழுத்தார். வாடிக்கையாளர் போர்டைத்தான் கேட்பார், அதோடு ரெண்டு பேர் ஒரே வரியில் கைவைத்தால் முட்டிக்கொள்ளும் என்றார்.

"முட்டிக்கட்டும் சார். முட்டிக்கிட்டா ரெண்டு பேருக்கும் தெரியும். போர்டுல யாரோ நகர்த்திட்டுப் போறாங்க, எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

ஃபைலைப் பார்த்து போர்டைத் தானாக நிரப்பும் ஸ்கிரிப்டையும் எழுதித் தருகிறேன் என்றாள். இந்த ரிலீஸ் வரைக்கும் பார்க்கலாம் என்று லீட் தலையாட்டினார். தலையாட்டியது அவளுக்குத் தெரியாதே என்று உறைத்ததும், "சரிம்மா" என்று வாயாலும் சொன்னார்.

அவர் பயந்தபடியே நடந்தது. அவளும் டேட்டாபேஸ்காரரும் ஒரே வேலைக்கு ஆளுக்கொரு பக்கம் தங்கள் பெயரைப் போட்டுவிட, மாற்றங்களைச் சேர்க்கும்போது கிட் மறித்து நின்றது. அவள் அவர் மேஜைக்கே போய்ப் பேசினாள். பேசி முடித்தபோது அந்த வேலை அவளுடையதாகியிருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வரியை எடுத்துக்கொண்டார்.

ஒரு விதியும் போட்டாள்: வேலையை முடிக்கிற கோடும், அந்த வரியில் 'முடிந்தது' என்று மாற்றுவதும் ஒரே கமிட்டில், அதாவது கிட்டின் ஒரே பதிவில், வர வேண்டும். மறந்தவர்களின் கோடு அவளிடம் சரிபார்ப்புக்கு வந்தால் திருப்பி அனுப்பினாள். ஒருநாள் லீடின் கோடும் அந்த வரி மாறாமலே வந்தது.

"சின்ன விஷயம்தானே, விட்டுடேன்" என்றார்.

"சின்ன விஷயம்தான் சார். அதான் சீக்கிரம் முடிஞ்சிடும்."

பெருமூச்சு விட்டபடி வரியைத் திருத்தி மறுபடி அனுப்பினார். அவள் ஒருமுறை காதில் ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு அதை ஏற்றுக்கொண்டு, தன் அடுத்த வேலையைத் திறந்தாள்.