வளையல் ஒரு விமானத்தில், புளிச்சோறு ஒரு விமானத்தில்

1

இந்தக் கதை 2006-இல் ஒரு டிராவல்ஸ் கடையில் நடந்த சண்டையில் பிறந்தது. ஒட்டுக்கேட்டேன், மறைப்பானேன்?

முதலியார்பேட்டை சின்னப்பாப்பாவும் அவள் புருஷன் கோவிந்தராசுவும் பம்பாயில் இருக்கும் மகள் கலைவாணியின் வளைகாப்புக்கு டிக்கெட் எடுக்க வந்திருந்தார்கள். புதிதாக வந்த மலிவு விமானம்தான் என்றாள் அவள். தண்ணீரைக்கூட விற்கிறவன் விமானத்தில் ஏறமாட்டேன், சோறு போடுகிற பழைய கம்பெனிதான் மரியாதை என்றார் அவர். கடைசியில் ஆளுக்கொரு விமானம்.

2

வெள்ளிச் சிறகு விரித்து அந்த விமானம் நீலவானில்—

(அடித்துவிட்டேன். சின்னப்பாப்பா பார்த்தது முன்சீட்டுக்காரரின் வழுக்கையைத்தான்.)

சென்னை வரை ராத்திரி ஒரே பஸ், ஒரே சீட், பேச்சுதான் இல்லை. மறுநாள் காலை பதினொன்றரைக்குள் தாய்வீட்டு வளையல் மகள் கையில் ஏறியாக வேண்டும். "யாரு முன்னாடி போறோம்னு பாக்கலாம்" என்று விமான நிலையத்தில் அவள் சவால் விட்டுப் பிரிந்தாள்.

அவள் விமானம்தான் முதலில் கிளம்பியது. என்ன சந்தோஷம்! மேலே போன பிறகுதான் நினைவு வந்தது. அவளுக்குப் பதினைந்து கிலோதான் அனுமதி என்று வளையல் பெட்டியை அவர் பையில் வைத்திருந்தாள்.* முந்திப் போய் என்ன செய்வது?

(*அவள் மடியில் வளைகாப்புப் புளிச்சோறு. பக்கத்து சீட்டுப் பெண் சாண்ட்விச் விலையைக் கேட்டு முழிக்க, மனசு கேட்காமல் டப்பாவைத் திறந்தாள். நாலு வரிசைக்குப் போனது. ஒரு பங்கை மட்டும் மூடி வைத்தாள். விமானச் சோறு அவருக்கு மரியாதைக்குத்தான், சாப்பிடப் பிடிக்காதாம்.)

3

பதினொன்று அடித்தது. கலைவாணி மணையில் உட்கார்ந்தாயிற்று, அப்பாவைக் காணோம். அவர் விமானம் தாமதம். காலையெல்லாம் அந்தக் கம்பெனி தோற்க வேண்டும் என்று நினைத்த சின்னப்பாப்பா, இப்போது அது பறந்து வரட்டும் என்று வாசலில் நின்று கும்பிடுகிறாள்.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அவர் பன்னிரண்டுக்கு வருகிறார். அதைக் கிழித்துப் போட்டேன். சின்னப்பாப்பா என்னைச் சும்மா விடமாட்டாள்.

இரண்டாவதில், பதினொன்று இருபதுக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வளையல் ஏறியது. சின்னப்பாப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்புறம் அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பன், வெண்ணெய், இரண்டு மிட்டாய்.

"உன் பிளேன்ல ஒண்ணும் குடுக்கமாட்டானேன்னு, திங்காம எடுத்தாந்தேன்."

அவள் மூடி வைத்திருந்த புளிச்சோற்று டப்பாவை நீட்டினாள்.

4

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் திரும்பிப் போக டிக்கெட் எடுக்க வேண்டுமே. இரண்டு பேருக்கும் அவள் விமானத்திலேயே போடச் சொன்னார் அவர். "அதெல்லாம் வேணாம், உங்க பிளேன்லயே போலாம்" என்றாள் அவள். மறுபடி சண்டை. இன்னும் ஓயவில்லை.

எனக்குத் தீர்க்கத் தெரியவில்லை. டிக்கெட்டை நீங்களே போட்டுவிடுங்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, பக்கத்துப் பக்கத்து சீட்டாகப் பார்த்துப் போடுங்கள்.