ஒளித்து வைத்த வேலை

பம்மலில் அந்தத் தெருவுக்கு, உதவி வாங்குகிற வீடுகளைப் பார்க்க ஆலயத்துச் சபைக்காரர்கள் வருகிறார்கள் என்றால் காலையிலேயே தெரிந்துவிடும். மிக்சிகள் வீடு மாறும். கனகவல்லி சபை உதவி வாங்குகிறவள் இல்லை. அதனால் அவளுக்குப் பயமும் இல்லை. அக்கம்பக்கத்து மிக்சி, டேபிள் ஃபேன், கல்யாணச் சீராக வந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அன்றைக்கு அவள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். "இன்னிக்கு நம்ம வூடுதான் பங்களா" என்று சிரித்துக்கொண்டே அவள் இடம் ஒதுக்கித் தருவாள்.

இதை அந்தத் தெருவில் யாரும் ஏமாற்று வேலை என்று நினைத்ததில்லை. அவர்கள் நிஜமாகவே இல்லாதவர்கள்தான். ஆனால் வருகிறவர்கள் கண்ணுக்கு அது உடனே தெரிய வேண்டுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் கங்கம்மா ஒளிக்க வேண்டியிருந்தது மிக்சியை அல்ல, மகளுடைய வேலையை. லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்திருந்த சுஜிக்குக் குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அவர்கள் கொடுத்த வெள்ளைக் கோட்டைச் சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் திணித்தாள் கங்கம்மா.

"கேட்டாங்கன்னா, வேலை தேடிகினு கீறேன்னு சொல்லு."

"நாளைக்குச் சேரணும்மா. எத்தினி நாளைக்கு மறைக்க முடியும்?"

"அப்போ சேராத."

சுஜி அம்மாவையே பார்த்தாள். "நெசமாத்தான் சொல்றியா?"

"உங்கண்ணன் கதை மறந்துபூடுச்சா உனக்கு?"

மறக்கக்கூடிய கதை இல்லை அது. கங்கம்மாவின் கணவர் ஏசுபாதம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். அவருடைய மூச்சுத் திணறலுக்கு மருந்தும், மாதா மாதம் அரிசி பருப்பும் தாம்பரத்துச் சபைதான் கொடுத்தது. வீட்டில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் வந்துவிட்டால் உதவி நின்றுவிடும் என்பது விதி. கங்கம்மா சிட்லபாக்கத்தில் பாத்திரம் தேய்ப்பதை அவர்கள் சம்பளமாக எடுத்துக்கொள்வதில்லை. மூத்தவன் டேனியலுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தபோது அவனை ஆலயத்தில் முன்னால் நிறுத்தி, கடவுள் வேலை கொடுத்தார் என்று சாட்சி சொல்ல வைத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மாதமே அரிசியும் மருந்தும் நின்றன. மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனி, கான்ட்ராக்ட் ஆட்களை மொத்தமாக அனுப்பிவிட்டது. கங்கம்மா திரும்பப் போய் நின்றாள். உங்கள் இடத்துக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது, காலி ஆனால் சொல்கிறோம் என்றார்கள். இடம் காலியாகி உதவி திரும்ப வரும்வரை ஏசுபாதம் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துக்கொண்டார். டேனியல் வெட்கத்தில் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான்.

வறுமை கங்கம்மாவுக்குப் பழகிய விஷயம். அதை விட்டு வெளியே வந்த அந்தச் சில மாதங்களை நினைத்தால்தான் அவளுக்குப் பயம்.

ஆராதனை முடிந்து ஞானையா சாரும் பியூலா டீச்சரும் வந்தார்கள். ஞானையா ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், சபை உதவிக் கமிட்டியின் செயலாளர். நல்ல மனிதர். விதி என்று ஒன்று இருந்துவிட்டால் சொந்தத் தம்பிக்கும் வளைக்க மாட்டார். பியூலா பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. இரண்டு தெரு நடந்த களைப்பில் விசிறிக்கொண்டே பாயில் உட்கார்ந்தார்.

"பாப்பாவுக்கு ஏதாவது வேலை அமைஞ்சுதா?" என்றார் ஞானையா.

"இன்னும் இல்ல சார். தேடிகினுதான் கீது." கங்கம்மா சொல்லிவிட்டாள். சுஜி தரையைப் பார்த்தாள். ஏசுபாதம் இருமிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க. ஜெபம் பண்ணுவோம்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். "பரலோகப் பிதாவே" என்று தொடங்கினார் ஞானையா. சும்மா வாயால் சொல்கிற ஜெபம் இல்லை, மனுஷன் உருகிக் கேட்டார். "இந்த மகளுக்கு ஒரு நல்ல வேலையைத் தாரும். இந்தக் குடும்பம் தலை நிமிர வழி செய்யும்." கங்கம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். மூடிய கண்ணோரம் சுஜிக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மகளுடைய சந்தோஷத்தின் கழுத்தைத் தன் கையாலேயே நெரிக்கிறோமே என்று தாய் மனசு பொசுங்கியது.

ஆமென் என்றார்கள். கங்கம்மாவுக்கு மட்டும் வாய் வரவில்லை.

"குடுத்துட்டாரு சார்" என்றாள். "வேலைய எப்பவோ குடுத்துட்டாரு. நான்தான் ஒளிச்சு வெச்சுகினு கீறேன்."

ஞானையாவின் முகம் சுருங்கியது. "என்ன கங்கம்மா இது? பொய் சொல்லலாமா? நீங்க ஒரு இடத்தப் பிடிச்சுக்கிட்டா, உங்களவிடக் கஷ்டப்படற ஒரு குடும்பம் வெளியில நிக்குது."

"தப்புதான் சார். இல்லன்னு சொல்லல. ஆனா அது வேலைக்குப் போய் மொத சம்பளம் வாங்கறதுக்குள்ளயே நீங்க நிறுத்திடுவீங்க. நாளைக்கு வேலை பூடுச்சுன்னா இவருக்கு மூச்சு வுட மருந்து ஏது சார்? பள்ளத்துல கெடக்கறவனுக்குக் கை குடுக்கறீங்க. பாதி ஏறினதும் உட்டுடறீங்க."

பியூலா விசிறுவதை நிறுத்தினார். "டேனியல் விஷயத்துல நாம அதத்தான் சார் செஞ்சோம். சாட்சி சொல்ல வெச்சு, கை தட்டி, கைய விட்டுட்டோம். அப்புறம் அவன் என்ன ஆனான்னு நான் ஒரு வார்த்தை கேட்கல."

ஞானையா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திடீரென்று அவருக்கு வயது கூடினாற்போல் இருந்தது. "எத்தனை வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றேன். அதே வீடு, அதே முகங்க. இவங்க ஏன் மாறவே மாட்டேங்கறாங்கன்னு கமிட்டியில நானே சலிச்சுப் பேசியிருக்கேன். மாறினா தண்டனைன்னு விதிய எழுதி வெச்சது நாங்கதானே. வேலை கெடைச்ச அன்னிக்கே நிறுத்தக் கூடாது. அது நிலைச்சு நிக்கறவரைக்கும் கூட நிக்கணும்."

"கமிட்டி ஒத்துக்குமா சார்?" என்றாள் கங்கம்மா.

"தெரியல. சுலபமா ஒத்துக்க மாட்டாங்க."

கங்கம்மா அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து உதறினாள். பிறகு மகளைப் பார்த்து, "நீ நாளைக்குப் போய்ச் சேரு. வர்றது வரட்டும்" என்றாள். குரலில் தைரியத்தைவிட அசதிதான் அதிகம் இருந்தது.

ஞானையா எழுந்து செருப்பைப் போடும்போது அவளே மறுபடி பேசினாள். "சார், நீங்க போட்ட சோத்த நாங்க மறக்க மாட்டோம். ஆனா ஏழையா இருந்தாத்தான் சோறுன்னா, எவன் சார் துணிஞ்சு ஏழ்மைய வுட்டு வெளிய வருவான்?"

ஞானையா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இத நான் சொன்னா எடுபடாது. கமிட்டிக்கு நீங்களே வந்து சொல்லுங்க கங்கம்மா" என்றார். "இத்தனை வருஷமா உங்களுக்காக ஜெபம் பண்ணினோம், அரிசி குடுத்தோம். நீங்க என்ன சொல்றீங்கன்னு நாங்க ஒருநாளும் காது குடுத்துக் கேட்டதில்ல."