கைப்பிடி வைத்த கதிரை

இதில் வருகிற ஒரு சொல்லும் பொய்யில்லை. கோணேசர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். மலையேற முழங்கால் விடாது என்பதால் இருந்த இடத்திலேயே செய்தாயிற்று. காரியாலயத்தின் பெயரை மட்டும் கேட்கவேண்டாம். துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற மஞ்சள் கட்டடம், அவ்வளவு போதும்.

காலை எட்டு மணிக்கு அந்தக் கட்டடத்தின் யன்னலடியில் பட்டதாரிகள் கூடி நிற்பார்கள். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். பட்டம் பெற்று நாலு வருடம் வீட்டிலிருந்து, வீதியோரத்தில் கூடாரமடித்து உண்ணாவிரதம் கிடந்து, கடைசியில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று நியமனம் பெற்றவர்கள். நியமனம் முப்பத்தெட்டு, கதிரை பதினாலு. காவலாளி கதவைத் திறக்குமுன்னரே, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, யன்னல் கம்பிக்குள்ளால் லேஞ்சிகளை, அதாவது கைக்குட்டைகளை, எறிவார்கள். யாருடைய லேஞ்சி கதிரையில் விழுகிறதோ அவர் அன்றைக்கு இருக்கலாம். மற்றவர்கள் நாலேகால் வரை நிற்பார்கள். வரலாற்றில் முதல் வகுப்புச் சித்தி பெற்ற ஒரு பெண் லேஞ்சி நுனியில் ஐந்து ரூபாய்க் குற்றியை முடிந்து எறிந்தாள். எட்டு மாதமாக அவள் ஒரு நாளும் நிற்கவில்லை.

ரிஷிகேசனுக்கு எறிகிற வாய்ப்பே கிடைப்பதில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து பெரிய வீதிக்கு நடந்து, நிலாவெளி பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கும்போது எட்டரை ஆகிவிடும். வயது முப்பத்தொன்று. மூன்று வருடமாக அவனுக்குக் கொடுத்திருந்த வேலை, பிரதேசத்திலுள்ள ஆடுகளை எண்ணுவது. அதே ஆடுகளை வேறு ஆறு உத்தியோகத்தர்களும் எண்ணினார்கள். ஏழு தொகையும் ஏழு விதமாக வந்தபடியால் மறுபடி எண்ணும்படி சுற்றறிக்கை வந்தது. படிவங்களை யன்னல் விளிம்பில் வைத்து, நின்றபடியே நிரப்பினான். மத்தியானத்துக்குள் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு முடிச்சு முடிச்சாய்ப் புடைத்துவிடும்.

"நிக்கிற வேலையை விடவேணும்," என்றார் வைத்தியர். "என்ன வேலை?"

"காரியாலய வேலை, சேர்."

வைத்தியர் துண்டில் எழுதத் தொடங்கியதை வெட்டிவிட்டு, அவனுடைய காலை மறுபடி பார்த்தார்.

வீட்டிலிருந்து கதிரை கொண்டுபோகலாமே என்று கேட்பீர்கள். கொண்டுபோனான். அவனுடைய அம்மா தங்கேஸ்வரி கொடுத்த யோசனை. நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை. பஸ்ஸில் அதற்கு அரை டிக்கெட். பிரதம லிகிதர் அதை வாசலிலேயே மறித்தார்.

"வெளித் தளபாடம் உள்ளுக்கு வாறதெண்டால் பதிவேட்டில ஏத்தவேணும் தம்பி."

ஏற்றினார். முதுகில் வெள்ளை மையால் இலக்கம் எழுதினார். இலக்கம் எழுதினால் அது அரசாங்கச் சொத்து. அரசாங்கச் சொத்தில் யார் இருப்பது என்பதை மூப்பு ஒழுங்கு தீர்மானிக்கும். பின்னேரத்துக்குள் அந்த நீலக் கதிரை பணிப்பாளரின் சாரதிக்குப் போய்விட்டது. அவர் அதை மரநிழலில் போட்டுச் சாய்ந்திருந்தார். பக்கத்தில், பட்டினத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று, அதுவும் படுத்தபடி, உத்தியோகத்தர் ஒருவரின் மதியச் சாப்பாட்டுக் கடதாசியை மென்றுகொண்டிருந்தது.

பதினாலு கதிரைகளில் மூன்றுக்குக் கைப்பிடி இருந்தது. அவை முதுமாணிப் பட்டம் முடித்தவர்களுக்கு என்று பணிப்பாளர் ஒதுக்கிவைத்திருந்தார். அவற்றில் ஒருவரும் லேஞ்சி எறிவதில்லை. ஒன்றில் முனாப் இருந்தார். கிண்ணியாவிலிருந்து பத்து மணிக்கு ஆறுதலாக வருவார், கதிரை காத்திருக்கும்.

"என்ன பாடம் செய்தனீங்கள், முனாப்?" என்று ரிஷிகேசன் கேட்டான்.

"மூலோபாய முகாமைத்துவம்."

"அதெண்டால் என்ன?"

"என்னட்டயும் அதக் கேக்காதீங்க. நான் எங்கட வாத்தியாரிட்ட கேட்டன், அவர் அடுத்த கிழமை சொல்றன் எண்டார். பொறகு சோதினை வந்திட்டு." முனாப் இரண்டு முழங்கையையும் கைப்பிடிகளில் வைத்துக்கொண்டார். "ஆனா கால் நோவு இல்ல. கடன் மட்டும்தான்."

பட்டினத்தில் ஓடு விற்கிற கடையொன்றின் மேல்மாடியில் அந்தப் படிப்பு நடந்தது. ரிஷிகேசன் அப்பா தங்கத்துரையையும் கூட்டிக்கொண்டு போனான். தங்கத்துரை சல்லிக் கரையில் நாற்பது வருடமாகக் கரைவலை இழுப்பவர். துவைத்த சேட்டும் சாரமுமாய், கதிரையின் நுனியில் இருந்தார். எதிரில் நிறுவனத்தின் இயக்குநர் இரத்தினசிங்கம், சித்திரை வெயிலிலும் கழுத்துப்பட்டியும் கோட்டும்.

"வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஐயா. பதினெட்டு மாசம். சனி ஞாயிறு மட்டும் வந்தாப் போதும். ஒன்பதே முக்கால் இலட்சம்."

"எந்த நாடு?"

"ஐரோப்பாப் பக்கம்."

இரத்தினசிங்கம் சுவரிலிருந்த உலகப் படத்தைக் காட்டினார். அந்த நாடு இருக்கவேண்டிய இடத்தில் குளிரூட்டியைப் பூட்டியிருந்தார்கள்.

"உங்கட வலையில எத்தினை பேர் கயிறு பிடிக்கினம்?" என்றார் தங்கத்துரை.

"விளங்கேல்லை ஐயா."

"எத்தினை பேர் படிக்கினம்?"

"இந்த முறை மட்டும் இருநூற்றிப் பத்துப் பேர்." இரத்தினசிங்கத்தின் முகம் மலர்ந்தது. "இடமில்லாமல் திருப்பி அனுப்பிறம்."

"மீன் விழுற மடியுக்குள்ள என்ன கிடக்கு?"

"ஐயா?"

"படிச்சு முடிக்கிற இருநூற்றிப் பத்துப் பேருக்கும் எத்தினை கதிரை கிடக்கு எண்டு கேக்கிறன்."

இரத்தினசிங்கம் சிரித்தார். பிறகு ஒரு கையேட்டை எடுத்துக் கொடுத்தார். பளபளப்பான தாள். அட்டையில் கறுப்பு மேலங்கியும் தொப்பியும் போட்ட ஒரு பெண் ஆகாயத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். ஏன் குதிக்கிறாள் என்பது உள்ளேயும் எழுதியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் குசினி வாசலில் மூன்று பேரும் இருந்து கதைத்தார்கள். தங்கேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கதிரைக்கு ஒன்பதே முக்கால் இலட்சமோ? அந்தக் காசுக்குத் தேக்கு வாங்கி ஆசாரியிட்டக் குடுத்தா ஊருக்கே கதிரை செய்யலாம்."

"செய்து கொண்டுபோனா இலக்கம் அடிச்சு எடுத்துப்போடுவாங்கள் அம்மா."

"அப்ப உந்த வேலையை விடு."

"விட்டிட்டு?"

அவள் மீனின் தலையைத் தறித்தாள்.

தங்கத்துரை மண்ணில் விரலால் கோடு போட்டு யோசித்தார். அவருக்குக் கணக்கு விளங்கியிருந்தது. கரைவலையில் வருமானத்தில் பாதி வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு. மிச்சம் கயிறு பிடித்த தலைகளுக்குச் சமபங்கு. நாற்பது தலையும் இரண்டு பெட்டி நெத்தலியும் என்றால் ஒரு பங்கு பிளேன்ரீக்குக் காணாது. இருநூற்றுப் பத்துத் தலைக்கு மூன்று கதிரை என்பது கரையில் எந்தச் சம்மாட்டியும் துணியாத பகிடி.

"இது வெறும் மடி, தம்பி. இரத்தினசிங்கத்தாருக்கு மட்டும்தான் மீன்."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது அப்பா. வேண்டாம்."

கதை அதோடு முடிந்திருக்கவேண்டும். மூளையுள்ளவர்கள் அதோடு முடித்திருப்பார்கள். ஆனால் தங்கத்துரை கோடு போடுவதை நிறுத்தவில்லை. கரையில் ஒரு விதி உண்டு. மடி கரை தொடும்போது கயிற்றில் கையில்லாதவனுக்குப் பங்கில்லை. விடியற்காலையிலிருந்து இழுத்தவனாக இருந்தாலும் சரிதான். ரிஷிகேசன் பிறந்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் தங்கத்துரை கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். அவர் முகம் மறைந்து கால் மணித்தியாலத்தில் எண்ணாயிரம் பாரை ஏறியது. ஒவ்வொரு பாரையும் ஒன்றரை முழம். நிறை தாங்காமல் கரை அரையடி தாழ்ந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் பள்ளம் கிடக்கிறது. அன்று கயிறு பிடித்தவர்கள் எல்லோரும் கல்வீடு கட்டினார்கள். தங்கத்துரையின் கூரை மட்டும் தகரம்.

"அண்டைக்குக் கயிறை விட்டனான்," என்றார்.

"பிள்ளை பிறந்ததும் இப்ப நட்டத்திலயோ போட்டுக்கிடக்கு?" என்றாள் தங்கேஸ்வரி.

"அப்படிச் சொல்லேல்லை. மடி வெறுமையோ நிறையவோ எண்டு கடலுக்குள்ள கிடக்கேக்க ஒருத்தருக்கும் தெரியாது. கையெடுத்தவனுக்கு இல்லை எண்டது மட்டும் தெரியும்." மகனின் பக்கம் திரும்பினார். "காலைக் காட்டு பாப்பம்."

ரிஷிகேசன் காற்சட்டையை முழங்கால் வரை உருட்டினான். அந்தக் காலில் நரம்புகள், வெயிலில் காயப்போட்ட நைலோன் வலைபோல, நீலமாய்ப் பின்னிக் கிடந்தன. மூன்று பேரும் பார்த்தார்கள். தங்கேஸ்வரி மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வங்கி அவனுடைய சம்பளத்தைப் பிணை வைத்து ஐந்து இலட்சம் கொடுத்தது. மிச்சத்தைத் தங்கத்துரை சம்மாட்டியிடம் முற்பணமாக வாங்கினார். முற்பணம் வாங்கியவன், அது கழியும் வரை வேறு வலைக்குப் போக ஏலாது. நோய் என்று படுக்கவும் ஏலாது. அவருக்கு அறுபத்திரண்டு வயது. வலது தோள்மூட்டு காதுக்கு மேலே கையைத் தூக்கவிடாமல் இரண்டு வருடமாகிறது. அந்தப் பருவத்தோடு இழுவையை விடுவதென்று இருந்தவர், இன்னும் நாலு பருவத்துக்குப் பெருவிரல் பதித்தார்.

பதினெட்டு மாதமும் ரிஷிகேசன் சனி ஞாயிறுகளில் ஓட்டுக் கடை மாடிக்குப் போனான். அங்கே எல்லோருக்கும் கதிரை இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் படிப்பில் அவன் கண்ட பயன் அதுதான். ஆய்வுக் கட்டுரைக்கு ஆடுகளையே எடுத்துக்கொண்டான். ஐரோப்பாப் பக்கத்திலிருந்து வந்த திருத்தத்தில், ஆடு என்பதைப் பங்குதாரர் என்று மாற்றும்படி இருந்தது. மாற்றினான். உயர் சித்தி கிடைத்தது.

பட்டமளிப்பு நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் திருமண மண்டபத்தில் நடந்தது. கறுப்பு மேலங்கிக்கு வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு, தொப்பிக்குத் தனி. பக்கத்து வரிசையில் லேஞ்சி எறிகிற அந்த வரலாற்றுக்காரி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கிணறுகள் எண்ணுகிற இரண்டு பேர். ரிஷிகேசன் எழுந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். காரியாலயத்தில் மிச்சமிருந்த அத்தனை பேரும், ஒருவரும் பிசகாமல், மேலங்கி போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பணிப்பாளர் முப்பத்தெட்டுச் சான்றிதழ்களையும் வரிசைப்படி பரிசோதித்தார். எல்லோரிடமும் இருக்கிற தகைமை தகைமையாகாது என்றார். கைப்பிடி வைத்த கதிரைகள் இனிமேல் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு. முனாப் தன்னுடைய குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, யன்னல்ல கொஞ்சம் எடம் தாங்க," என்றார் ரிஷிகேசனிடம். "நிண்டு கன காலம்."

ஓட்டுக் கடையின் மேல் கலாநிதிப் பட்டப் பலகை அன்று காலையே ஏறியிருந்தது. பதினெட்டு இலட்சம்.

அடுத்த நாள் காலை சல்லிக் கரையில் வலை வந்துகொண்டிருந்தது. தங்கத்துரை இடுப்புப் பட்டியைக் கயிற்றில் கொளுவி, குதிக்காலை மணலில் புதைத்து, முதுகுப்பக்கமாய் ஓர் அடி ஓர் அடியாக நடந்தார். வலது கை சும்மா தொங்கியது, இழுத்ததெல்லாம் இடுப்புத்தான். முன்னால் நின்ற பெடியன் ரஜீவன் கயிற்றை விடாமல் கேட்டான்:

"மாமா, உங்கட மகன் படிச்சு முடிச்சிட்டானாம். இப்ப கதிரையில இருக்கிறானோ?"

"இல்லை மருமகன். நிக்கிறான்."

"நீங்கள்?"

"நான் இன்னும் மூண்டு பருவம் நிக்கோணும்."

கொளுவியை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டார். கால் வைத்த இடத்தில் மணல் சரிந்தது. ஒரு முழங்கால் மடங்கி, நிமிர்ந்து, மறுபடி பின்னுக்கு நடந்தார்.

காரியாலயத்தின் பின்பக்கக் களஞ்சிய அறையில் பொலித்தீன் கழற்றாத இருபத்துநாலு கதிரைகள், எல்லாம் கைப்பிடி வைத்தவை, ரிஷிகேசன் படிப்பில் சேர்வதற்கு ஒரு வருடம் முன்னரே வந்து இறங்கியிருந்தன.